பனிவெளியில் ஜீப் ஓட்டலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஜனவரியில் மணாலி சென்று, அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, லாஹௌல் பள்ளத்தாக்குப் பக்கம் சாலையை விட்டு இறங்கிப் பனியில் வண்டி ஓட்ட விரும்புகிறோம். எங்கள் வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது. அது போதாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: புறப்படுவதற்குப் போதும், நிற்பதற்குப் போதாது. இன்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போவதால் உங்கள் வண்டி வழுக்காமல் கிளம்பும். ஆனால் பிரேக் என்பது எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. ஆகவே நிறுத்தும்போது உங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கிற வண்டி, இறுகிய பனியில் 30 மீட்டரும், வழுவழுப்பான உறைகட்டியில் (ஐஸில்) 60 மீட்டரும் ஓடிய பிறகே நிற்கும். எளிதாகக் கிளம்பிவிட்டோம் என்ற தெம்பில் வேகத்தைக் கூட்டுபவர்கள்தான் அங்கே பெரும்பாலும் பள்ளத்தில் கிடக்கிறார்கள்.

மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்பதையும் நாம் பனி என்கிறோம், லாஹௌலில் இடுப்பளவு கிடப்பதையும் பனி என்கிறோம். ஓட்டுநருக்கு இந்த ஒரு சொல் போதாது. புதிதாக விழுந்த பொலபொலப்பான பனியில் வண்டி புதையும். வண்டிகள் ஓடி இறுகிய பனியில் மெதுவாகப் போனால் பிடிப்பு ஓரளவு கிடைக்கும். பகலில் உருகி, மாலையில் மீண்டும் உறைந்து, தரையின் நிறத்திலேயே கண்ணாடிபோல் படிந்திருக்கும் உறைகட்டியில் எந்த வண்டிக்கும் பிடிப்பு இல்லை. மலை நிழல் விழும் வளைவுகளிலும் ஓடை குறுக்கிடும் இடங்களிலும் இந்த மூன்றாவது வகைதான் காத்திருக்கும். காலை பத்து மணிக்குப் பிறகு கிளம்பி, வெயில் மறைவதற்குள் திரும்பிவிடுங்கள்.

சாலையை விட்டு இறங்கும்போது பனியைவிடப் பனிக்கு அடியில் இருப்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். லாஹௌலில் சமவெளிபோல் தெரியும் வெண்பரப்புக்குக் கீழே உருளைக்கிழங்கு, பட்டாணி வயல்களும், அவற்றின் கல் வரப்புகளும், பாசனக் கால்வாய்களும் இருக்கின்றன. அவை பிறருடைய நிலங்கள் என்பதால் முதலில் ஊராரிடம் கேளுங்கள். பிறகு ஒருவர் கழியால் குத்திப் பார்த்தபடி முன்னே நடக்கட்டும். மாருதி ஜிம்னி ஜீப்பின் அடிவயிறு தரையிலிருந்து 210 மில்லிமீட்டர், மஹிந்திரா தார் ஜீப்பின் அடிவயிறு 226 மில்லிமீட்டர். பனி அந்த உயரத்தைத் தாண்டினால் வண்டி பனியின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிடும், சக்கரங்கள் வீணாகச் சுற்றும். சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள், குறுக்கே மட்டும் போகாதீர்கள். இறங்கும்போது ஃபோர் வீல் டிரைவின் மெதுவேக நிலையான லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். புதுப் பனி கொட்டி ஓரிரு நாள் ஆகாதவரை செங்குத்தான சரிவுகளின் அடிவாரத்தில் நிற்கக்கூட வேண்டாம். பனிச்சரிவு ஹாரன் அடித்துக்கொண்டு வருவதில்லை. ஆற்றில் இறங்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். 2023 டிசம்பரில் சந்திரா நதிக்குள் தார் ஜீப்பை ஓட்டியவருக்கு லாஹௌல்-ஸ்பிதி காவல்துறை அபராதம் விதித்தது.

கேள்வி: டயரில் காற்றைக் குறைத்தால் பனியில் நன்றாகப் போகும் என்கிறார்களே, எவ்வளவு குறைக்கலாம்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: புதைகிற பனியில் அது உண்மை. காற்று குறைந்த டயர், தரையில் படும் நீளம் கூடுவதால் வண்டியின் எடையைப் பரப்பி, மிதந்து போகிறது. வழக்கமாக 32 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்த அளவு) வைப்பவர்கள் 20 அல்லது 18 வரை இறக்கலாம். 15-க்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் சக்கரத்தின் இரும்பு விளிம்பிலிருந்து (ரிம்) கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. ஐஸ்லாந்தில் 38 அங்குல டயர்களை 3, 4 பி.எஸ்.ஐ. வரை இறக்கிப் பனியாறுகளின் மேல் ஓட்டுவதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அவை அதற்கென்றே மாற்றியமைத்த வண்டிகள். (சாலையை விட்டு இறங்கி ஓட்டுவதைச் சட்டம் தடுக்கும் நாடு அது, பனியாறுகளிலும், தரை உறைந்து பனி மூடியிருக்கும் இடங்களிலும் விலக்கு உண்டு.) குளிரும் தன் பங்குக்கு, வெப்பம் 10 டிகிரி குறையும்போது ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ.-யைக் குறைத்துவிடும் என்பதால் அழுத்தத்தை அங்கே போய் அளந்து பாருங்கள். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பக் கையில் கம்ப்ரசர் இல்லையென்றால் காற்றை இறக்கவே வேண்டாம். உறைகட்டியில் இந்த உத்தி அவ்வளவாக உதவாது, டயரைச் சுற்றிக் கட்டும் சங்கிலிதான் வேண்டும். பெரிய கட்டைகளோடு முரட்டுத்தனமாகத் தெரியும் சேற்று டயர்களும் அங்கே ஏமாற்றிவிடும்.

கேள்வி: பனியில் சிக்கிக்கொண்டு இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே இருக்க நேர்ந்தால் ஹீட்டரைப் போட்டுக்கொள்ளலாமா? (சென்னை வாசகி)

பதில்: சக்கரம் சுற்றத் தொடங்கிய உடனேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அந்த இரவே வராது. மேலும் மிதித்தால் டயரின் சூட்டில் பனி உருகி உறைகட்டியாகும். மண்வெட்டியால் சக்கரங்களுக்கு முன்னும் வண்டியின் அடியிலும் வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். கயிறு கட்டி இழுப்பதாக இருந்தால் வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) இணைந்த கொக்கியில் மட்டுமே கட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டி, அது உடைந்து பறந்தால் உயிர் போகும்.

ஆனாலும் இரவு தங்கத்தான் வேண்டுமென்றால், பனி மூடிய புகைக்குழாயோடு இன்ஜினை ஓட விடாதீர்கள். வெளியேற வழியில்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரி மலைநகரில் பனியில் நின்றுபோன வண்டிகளுக்குள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலருடைய மரணத்துக்கு இந்த வாயுவே காரணமாகக் கருதப்பட்டது. ஹீட்டருக்காக மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். மற்ற நேரத்துக்குக் கம்பளி போதும்.

கேள்வி: இரவில் வண்டியை நிறுத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: டீசல் வண்டியென்றால் சமவெளியில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். லடாக்கிற்கென மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது இதற்காகத்தான். வைப்பர்கள் கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் தூக்கி நிறுத்துங்கள். கைப்பிரேக் போட்டால் அது பிடித்தபடியே உறைந்துவிடும் என்பதால், அதைப் போடாமல், கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஸ்பிதியில் உள்ள காசா என்ற ஊரில் ஓர் இரவு பழக்கதோஷத்தில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் பின்சக்கரத்தின் மேல் வெயில் ஏறும்வரை, பதினொரு மணிவரை, தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன்.