சேர்ந்து ஜெபித்தால் விசுவாசம் கரைந்துவிடுமா?

கேள்வி: எங்கள் சபைப் போதகரான சேகரகுரு, ஊரில் நடந்த சர்வ சமயப் பிரார்த்தனையில் இந்து, இஸ்லாமியப் பெரியவர்களோடு ஒரே மேடையில் அமர்ந்து ஜெபித்தார். இயேசுவே ஒரே வழி என்று விசுவாசிக்கிற ஒருவர் இப்படிச் செய்வது அந்த விசுவாசத்தை மறுதலிப்பதாகாதா? தாராளக் கொள்கை பேசி எல்லா மதங்களையும் ஏற்றுக்கொண்ட மேலைநாட்டுச் சபைகள் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்த பிறகும் நம் சபைகள் அந்த வழியில் போக வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் சேகரகுரு செய்தது ஒன்று, நீங்கள் அவர்மேல் சுமத்துவது வேறொன்று. பிற சமயத்தாரின் பக்கத்தில் அமர்ந்து ஊரின் அமைதிக்காக ஜெபிப்பதற்கும், எல்லாச் சமயங்களும் ஒரே மெய்ப்பொருளிடம் கொண்டுசேர்க்கும் சமமான வழிகளே என்று போதிப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. பின்னதற்குத்தான் சமயப் பன்மைவாதம் என்று பெயர். அவர் அதைப் போதித்தார் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

இந்த வேறுபாடு நான் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. 1986ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் உலகச் சமயங்களின் தலைவர்களை இத்தாலியின் அசிசி நகருக்கு அழைத்தபோது, எல்லாரும் ஒரே ஜெபத்தைச் சொல்வதற்காக அன்று, ஒன்றாகக் கூடி அவரவர் முறைப்படி ஜெபிப்பதற்காகவே அந்த அழைப்பு என்று தெளிவாக வரையறுத்தார். அப்போதும் கத்தோலிக்கருக்குள்ளேயே பேராயர் லெஃபெவ்ர் போன்றவர்கள் உங்களைப் போலவே கொதித்தார்கள். ஆனால் அதே போப்பாண்டவரின் ஒப்புதலோடுதான், கிறிஸ்துவை மீட்பின் பல வழிகளில் ஒன்றாக மட்டும் கருதும் போக்கை உறுதியாக மறுக்கும் ஆவணத்தை வத்திக்கான் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. அசிசிக்கு அழைத்தவரும் அந்த ஆவணத்தை ஏற்றவரும் ஒரே மனிதர்தாம். இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாக அவர் நினைக்கவில்லை.

போப்பாண்டவரின் செயல் சீர்திருத்தச் சபையாராகிய நம்மைக் கட்டாது என்பீர்களானால், நம் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர் ஒருவரையே சாட்சியாக அழைக்கிறேன். 1947இல் திருச்சபை உருவானபோது மதுரை - இராமநாதபுரம் பேராயராகவும், 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராகவும் இருந்த லெஸ்லி நியூபிகின், காஞ்சிபுரத்தில் இளம் மிஷனரியாக இருந்த நாட்களில், வாரம் ஒரு மாலை இராமகிருஷ்ண மடத்துக்குப் போய்த் தரையில் துறவியரோடு அமர்ந்து உபநிடதங்களையும் சுவிசேஷத்தையும் சேர்ந்து படித்தார். அந்த மடத்தில் சமயப் பெரியோர்களின் படங்களோடு இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் அதற்கு வழிபாடும் நடந்தது. நியூபிகின் இதைக் கண்டு மகிழ்ந்து நின்றுவிடவில்லை. பலருள் ஒருவராக ஏற்கப்படும் இயேசு எவரையும் மனந்திரும்ப அழைக்காதவராக, ஏற்கெனவே உள்ள உலகப் பார்வைக்குள் அடக்கிவைக்கப்பட்டவராக ஆகிவிடுகிறார் என்பதை அங்கேதான் அவர் கண்டுகொண்டார். ஆயினும் அதைக் காரணம் காட்டி அவர் மடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவருடைய விசுவாசம் கூர்மை பெற்றது அந்தத் தரையில் அமர்ந்ததால்தான்; ஒதுங்கி நின்றிருந்தால் அவர் எதைக் கண்டிருப்பார்?

நீங்கள் அஞ்சுகிற பன்மைவாதத்தை உண்மையிலேயே போதித்தவர் ஜான் ஹிக். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு 1967இல் வந்த இந்த இறையியலாளர், அந்நகரில் குடியேறியிருந்த இஸ்லாமியர், சீக்கியர், இந்துக்கள், யூதர் ஆகியோரோடு இனவெறிக்கு எதிராக உழைத்தார். அவர்களுடைய வழிபாட்டிடங்களுக்குச் சென்றபோது, கிறிஸ்தவ ஆலயத்தில் நடப்பதே அங்கும் நடக்கிறது, மனிதர்கள் தங்களுக்கு மேலான ஒரு மெய்ம்மைக்குத் தங்கள் உள்ளத்தைத் திறக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். பூமியை நடுவில் வைத்த பழைய வானியலைக் கொப்பர்னிகஸ் மாற்றியதுபோல, சமயங்களின் நடுவில் கிறிஸ்தவத்தை வைக்காமல் கடவுளை வைக்க வேண்டும் என்று 1973இல் எழுதினார். நியூபிகின் இந்தியாவிலிருந்து திரும்பியபின் வாழ்ந்ததும் அதே பர்மிங்ஹாமில்தான். சிறைச்சாலைக்கு எதிரே, குடியேறிகள் நிறைந்த ஏழைப் பகுதி ஒன்றில் சிறு சபையைப் பொறுப்பேற்று நடத்தினார். ஒரே நகரம், ஒரே வகை அண்டை வீட்டார், நேரெதிரான இரண்டு முடிவுகள். ஆகவே பிற சமயத்தாரோடு பழகுவதே ஒருவரைப் பன்மைவாதியாக்கிவிடும் என்ற உங்கள் கணக்கு பிழையானது.

ஹிக்கின் முடிவை நான் ஏற்கவில்லை. யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையை அந்தத் தரப்பினர் விரும்பிச் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால், முழு யானையையும் பார்த்த ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்று நியூபிகின் சுட்டிக்காட்டினார். எல்லாரும் பகுதியையே காண்கிறார்கள் என்பவர், தான் மட்டும் முழுமையைக் கண்டதாகச் சொல்கிறார். அது பணிவாகத் தோன்றினாலும் மிகப் பெரிய உரிமைகோரல். குர்ஆனே இறுதி வெளிப்பாடு என்று நம்பும் இஸ்லாமியரிடமும், நாராயணனே பரம்பொருள் என்று சரணடைந்த வைணவரிடமும், உங்கள் நம்பிக்கையின் நடுப்பகுதியை விட்டுவிடுங்கள் என்று அது கேட்கிறது. இது மரியாதை ஆகாது. அதே வேளையில் ஹிக் கண்ட மனிதர்களைக் காணாததுபோல் கடந்துபோகவும் நமக்கு உரிமை இல்லை. "இஸ்ரவேலருக்குள்ளும் நான் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை" என்று ஆண்டவர் சொன்னது ஒரு ரோமப் படைத் தலைவரைப் பற்றி. "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று பேதுரு அறிந்துகொண்டது, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டு வாசலைக் கடந்த பிறகு. அங்கே பேதுரு இயேசுவை அறிவிக்கவும் செய்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த விவாதம் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானது என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். 1938 டிசம்பரில் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, சுவிசேஷத்துக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சியே இல்லை என்று டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் வாதிட்டார். அக்கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக் அதை எதிர்த்து, கிறிஸ்தவரல்லாதோரிடத்திலும் கடவுளோடு உண்மையான விசுவாச வாழ்வு உண்டு என்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான இராதாகிருஷ்ணன் போன்ற மாணவருக்குப் பாடம் நடத்திய ஒருவரால் வேறு விதமாகச் சொல்லியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். சென்சையா, சக்கரை போன்ற இந்தியக் கிறிஸ்தவர்களும் அதே ஆண்டில் கிரேமருக்கு எதிராக நூலொன்றை வெளியிட்டார்கள். தாராளக் கொள்கைச் சபையும் இங்கு புதிதன்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் சபையைச் சென்னையில் 1795இல் தொடங்கிய வில்லியம் ராபர்ட்ஸ் ஒரு தமிழர்.

இனி, வெறிச்சோடிய ஆலயங்கள். அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் சபை 1960களில் 30 லட்சத்துக்கு மேல் உறுப்பினரைக் கொண்டிருந்து இன்று ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது உண்மைதான். ஆனால் எந்தத் தாராளக் கொள்கையையும் ஏற்காத தெற்கத்திய பாப்டிஸ்டுச் சபைக் கூட்டமைப்பிலும் 2006இல் 1 கோடியே 63 லட்சமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, 2023இல் 1 கோடியே 30 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஆகவே எண்ணிக்கையை உபதேசத்துக்கு அளவுகோலாக்காதீர்கள். அது உங்கள் பக்கத்தையும் காப்பாற்றாது. ஆலயம் நிரம்புவதுதான் சத்தியத்துக்கு அடையாளம் என்றால், சிலுவையடியில் நின்ற சிலரைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

"நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனத்தை நானும் முழுமையாக விசுவாசிக்கிறேன். நியூபிகினும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கு நிகரில்லை என்பதில் கடைசிவரை அசையவில்லை. ஆனால் கிறிஸ்தவரல்லாத எவருக்கும் இரட்சிப்பு இல்லை என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் தமக்கு உண்டென்று அவர் சொல்லவில்லை. கடவுளுடைய கிருபையைச் சபையின் சுவருக்குள் அடைக்கவும் இல்லை. இயேசுவே வழி என்பது இயேசுவைப் பற்றிய அறிக்கை. அதை அண்டை வீட்டாரைப் பற்றிய தீர்ப்பாக மாற்றியவர்கள் நாம்.

அன்று மேடையில் உங்கள் சேகரகுரு என்ன சொல்லி ஜெபித்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. இந்த விவகாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடமே நேரில் கேளுங்கள். மற்றவர்கள் மனம் கோணுமே என்று இயேசுவின் நாமத்தை விட்டுவிட்டு ஜெபித்திருந்தால், உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எனக்கு மறுபடியும் எழுதுங்கள், அதையும் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன். அந்த நாமத்தைச் சொல்லி, பக்கத்தில் இருந்தவர்களும் அமைதியாகக் கேட்டிருந்தார்கள் என்றால், அவர்மேல் நீங்கள் சொல்லும் குற்றம் என்னவென்று எனக்கு விளங்கவில்லை.