ஜீரோ டர்ன் புல்வெட்டி வாங்கும் முன் சரிவை அளந்துவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீடும் தோட்டமும்

கேள்வி: ஜார்ஜியாவில் ஆல்ஃபரெட்டாவுக்கு வடக்கே ஒன்றேகால் ஏக்கர் மனையில் வீடு வாங்கியிருக்கிறோம். பெர்முடா புல். பின்பக்கம் ஒரு ஓடையைப் பார்த்துச் சரிகிறது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கலாம் என்று போனால், 54 அங்குல அகலம் வெட்டும் ஜீரோ டர்ன்தான் உங்களுக்குச் சரி என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அகலத்தை அப்புறம் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த ஓடை.

வழக்கமான ஜீரோ டர்னில் ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் தனித்தனி ஹைட்ரோ ட்ரான்ஸ்மிஷன் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) இருக்கும். இடக்கை லிவர் இடச் சக்கரத்தையும், வலக்கை லிவர் வலச் சக்கரத்தையும் ஓட்டும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். முன்சக்கரங்கள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் போல இழுத்த இழுப்புக்குப் போகிறவை. ஓடும் வண்டியை நிறுத்தத் தனி பிரேக்கும் பெரும்பாலான வீட்டு மாடல்களில் இல்லை. லிவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் அதே பின்சக்கரங்கள்தான் நிறுத்த வேண்டும். ஆகவே ஈரப் புல்லிலோ வழுக்கும் செம்மண்ணிலோ பின்சக்கரம் பிடி விட்டால், திருப்பவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. 600 பவுண்டு வண்டி தன் எடையில் கீழே இறங்கும். நீர்நிலை ஓரத்திலும் தடுப்புச் சுவர் விளிம்பிலும் வண்டி கவிழ்ந்து ஆள் அடியில் சிக்கும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

அதனால் பணம் கட்டும் முன் சரிவை அளந்துவிடுங்கள். வளையாத 4 அடிப் பலகை ஒன்றும் ரசமட்டமும் போதும். பலகையைச் சரிவின் போக்கிலேயே வையுங்கள். மேல்முனை தரையில் இருக்கட்டும். ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வரும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையே எட்டரை அங்குலம் இருந்தால் சரிவு 10 டிகிரி; 13 அங்குலத்தை நெருங்கினால் 15 டிகிரி. பின்தோட்டத்தில் நாலைந்து இடங்களில் அளந்து, இருப்பதிலேயே பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஜீரோ டர்ன்களுக்கு 10 அல்லது 15 டிகிரிதான் எல்லை. எது என்பது அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். கடைக்காரரின் வாய்மொழியை ஏற்காதீர்கள், கையேட்டைத் திறந்து பாருங்கள்.

உங்கள் அளவு 10 டிகிரியைத் தாண்டினால், முன்சக்கரத்தை ஸ்டீயரிங்கால் திருப்பும் சாதாரண லான் டிராக்டர் நல்லது. முன்சக்கரமும் திரும்பும்படி ஸ்டீயரிங் வைத்த ஜீரோ டர்ன்களும் உண்டு. கப் கேடட் நிறுவனத்தின் இசட்.டி.எஸ். வரிசை அப்படிப்பட்டது. எந்த வண்டியானாலும் ஓடைக்கரையை ஒட்டி வண்டியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டையைத் தள்ளும் புல்வெட்டியாலோ நூல் டிரிம்மராலோ வெட்டுங்கள். கவிழ்தடுப்பு வளைவு உள்ள வண்டியில், வளைவு நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம்.

இனி அகலம். மணிக்கு 5 மைல் வேகத்தை 42 அங்குல வெட்டும் அகலத்தால் பெருக்கி, ஏக்கர் கணக்குக்கு மாற்ற 99-ஆல் வகுத்தால் மணிக்கு 2.1 ஏக்கர் வரும். திருப்பங்களுக்கும் ஒன்றின்மேல் ஒன்று விழும் வரிசைகளுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1.7. வீடு, டிரைவ்வே, மரத்தடி போக உங்களிடம் 0.9 ஏக்கர் புல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 42 அங்குல டெக்குக்கு (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) 32 நிமிடம், 54 அங்குலத்துக்கு 25 நிமிடம். மிச்சமாவது ஏழு நிமிடம். அதற்காக அகலமான டெக்கை வாங்கினால், மேடுபள்ளத்தில் அது மேட்டின் தலையைச் சிரைத்து மண் தெரிய வைக்கும். பெர்முடாவை 1 முதல் 2 அங்குலத்தில் வெட்டுவதால் இந்தத் தொல்லை உங்களுக்கு அதிகமாகவே இருக்கும். 42 அல்லது 48 போதும்.

கேள்வி: எங்கள் வேலி கேட் 48 அங்குலம். 42 அங்குல டெக் நுழைந்துவிடும்தானே?

பதில்: 42 என்பது பிளேடுகள் வெட்டும் அகலம்தான், வண்டியின் முழு அகலம் அல்ல. புல்லை வெளித்தள்ளும் பக்கவாய் மூடி இறங்கியிருக்கும்போது, 42 அங்குல வண்டி 50 அங்குலத்தையும் தாண்டும். மூடியைக் கையால் தூக்கிப் பிடித்தால்தான் உங்கள் கேட்டில் நுழையும். பிளேடு நின்ற பிறகே தூக்குங்கள். தூக்கிக் கட்டியே வைத்துவிடாதீர்கள். டெக்குக்கு அடியில் சிக்கும் கல் ஜன்னலையும் ஆளையும் தேடிப் பறக்காமல் தடுப்பது அந்த மூடிதான். கேட்டை அளக்கும்போது கம்பத்துக்குக் கம்பம் அளக்காமல், கதவைத் திறந்து வைத்து உண்மையில் கிடைக்கும் இடைவெளியை அளவெடுங்கள். கீலும் தாழ்ப்பாளும் இரண்டு அங்குலத்தை விழுங்கிவிடும்.

கேள்வி: இரண்டு வண்டிகள் பார்த்தேன். இரண்டிலும் 23 குதிரைத்திறன், ஏறக்குறைய ஒரே அகலம். ஒன்று 3,300 டாலர், மற்றது 5,200. வித்தியாசம் எங்கே இருக்கிறது? – டெக்சஸ், ரவுண்ட் ராக்

பதில்: சீட்டுக்குக் கீழே. விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் வீட்டு ஜீரோ டர்ன் ஒன்றின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது பின்சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோ ட்ரான்ஸ்மிஷன்தான். அது பழுதானால் ரிப்பேர் செலவு வண்டியின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

வண்டியின் பின்னால் குனிந்து, ட்ரான்ஸ்மிஷன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இந்த விலைகளில் ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் பெயரை அதிகம் பார்ப்பீர்கள். அவர்களுடைய இ.இசட்.டி. என்ற ஆரம்பநிலை வகையில் எண்ணெய் ஃபில்டரை வெளியிலிருந்து மாற்றும் வசதி இல்லை. சமதளத்தில், ஒரு ஏக்கருக்குள், புல்லை மட்டும் வெட்டினால் அது நன்றாகவே உழைக்கும். சரிவில் ஏற்றி, பின்னால் டிரெய்லரும் கட்டி இழுத்தால் எண்ணெய் சூடாகி மெலியும். அரை மணி ஓடிய பிறகு வண்டி ஏற்றத்தில் சோர்ந்துபோவது அதன் அறிகுறி. அடுத்த நிலையான இசட்.டி. 2800, 3100 வகைகளில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றலாம். முதல் மாற்றம் பெரும்பாலும் 75 மணி நேர ஓட்டத்தில், பிறகு 400 மணிக்கு ஒருமுறை. விலை கூடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, டெக். அச்சில் அழுத்திச் செய்ததா, தகடுகளை வெல்டு செய்ததா என்று பாருங்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும்: 13 கேஜ் 2.3 மி.மீ., 10 கேஜ் 3.4 மி.மீ. மரவேரும் கல்லும் உள்ள மனையில் இந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். உங்கள் மனை புதிய குடியிருப்பில் சமமாக, கல் இல்லாமல் இருந்தால் வெல்டு டெக்குக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

வாரன்டியில் ஆண்டுக் கணக்கோடு மணிக் கணக்கு வரம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து அரை மணி தூரத்துக்குள் ரிப்பேர் செய்யும் டீலர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மே மாதம் பெல்ட் அறுந்தால் அவர்தான் வேண்டும்.

கேள்வி: வரிசை முடிந்து திரும்பும் இடமெல்லாம் அரைவட்டமாகப் புல் பிடுங்கிக்கொள்கிறது. வண்டியில் கோளாறா? – வட கரோலினா, கேரி

பதில்: கோளாறு இல்லை. திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தை நிறுத்திவிடுகிறீர்கள். முழு எடையும் ஒரே இடத்தில் முறுக்குவதால் டயர் புல்லை வேரோடு திருகிவிடுகிறது. வரிசை முடிந்ததும் வேகத்தைக் குறையுங்கள். அடுத்த வரிசை இருக்கும் பக்கம் பாதி திரும்பி, பின்னால் பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்து, பிறகு முன்னே போய் வரிசையில் சேருங்கள். மூன்று வீச்சிலும் இரண்டு சக்கரங்களும் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். ஆங்கில ஒய் எழுத்தைத் தரையில் எழுதுவது போல வரும். பெர்முடா என்றால் கொடி ஓடி அந்தத் தழும்பை மூடிவிடும். உங்கள் பகுதியின் டால் ஃபெஸ்க்யூ குத்துப் புல். பிடுங்கின இடம் தானாக நிரம்பாது, செப்டம்பரில் விதை தூவ வேண்டியிருக்கும்.

கேள்வி: புல் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் கட்டையாகவும் வெட்டுப்படுகிறது.

பதில்: டெக்கைத் தொடும் முன் டயர்களில் காற்றைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளேடுகளைக் குறுக்காகத் திருப்பி, இடக்கோடி முனைக்கும் வலக்கோடி முனைக்கும் தரையிலிருந்து உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் எட்டில் ஒரு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு முன்பின்னாகத் திருப்புங்கள். முன்முனை பின்முனையைவிட எட்டில் ஒன்று முதல் கால் அங்குலம் தாழ்ந்திருப்பது முறை. கடைசியாக ஒரு முனையை அளந்த இடத்திலேயே அதே பிளேடின் மறுமுனையைக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். அளவு மாறினால் பிளேடோ சுழல்தண்டோ வளைந்திருக்கிறது. மட்டம் பார்த்துப் பயனில்லை, வளைந்ததை மாற்றுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் இனி பெட்ரோல் புல்வெட்டிக்குத் தடை என்கிறார்களே? – சாக்ரமெண்டோ

பதில்: 2021-இல் வந்த சட்டப்படி, 2024 மாடல் ஆண்டு முதல் அங்கே விற்கத் தயாராகும் புதிய சிறு இன்ஜின் தோட்டக் கருவிகள் புகையில்லாதவையாக இருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே உள்ள வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாம். பேட்டரி ஜீரோ டர்ன் வாங்கினால், ஒரு சார்ஜில் இத்தனை ஏக்கர் என்று பெட்டியில் போட்டிருப்பதைக் காய்ந்த, குட்டைப் புல்லுக்கான கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தகால ஈரப் புல்லில் அது வெகுவாகக் குறையும். பழைய பெட்ரோல் வண்டியை வைத்துக்கொள்வோர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், ‘அன்லெடட் 88’ என்ற 15 சதவீத எத்தனால் பெட்ரோலை அதில் ஊற்றக் கூடாது. அது சிறு இன்ஜின்களுக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. 10 சதவீதம் வரைதான்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஓட்ட ஆசைப்படுகிறான். கூடவே நின்று பார்த்துக்கொண்டால் விடலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்கு 16 வயது, தள்ளும் புல்வெட்டிக்கு 12 வயது என்று வைத்திருக்கிறது. தள்ளும் வண்டியை இப்போது கற்றுக்கொடுங்கள். கட்டைவிரலை மூடிய ஷூவும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போடட்டும். சின்னத் தங்கையோ தம்பியோ இருந்தால், ஜீரோ டர்ன் ஓடும் நேரம் முழுக்க அவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மடியில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுவதும் கூடாது. ஒருமுறை ஏறி உட்கார்ந்த குழந்தை அடுத்த வாரம் அந்தச் சத்தம் கேட்டதும் தானாகவே வண்டியை நோக்கி ஓடிவரும், நீங்கள் அப்போது ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.