ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றால், ஹெட்டைக் கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: என்னுடைய பெட்ரோல் காருக்கு 16 வயது ஆகிறது. சென்ற மாதம் நீண்ட மேட்டில் ஏறும்போது என்ஜின் ஒருமுறை கடுமையாகச் சூடேறிவிட்டது. அதன் பிறகு வெளியே எங்கும் ஒழுகாமலேயே கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டு வருகிறது. காலையில் கிளப்பும்போது என்ஜின் சற்று உதறுகிறது, வெண்புகையும் வருகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றி ஓட்டலாமா, ஹெட்டை இறக்கிச் சரிசெய்வதா, அல்லது வண்டியைக் கொடுத்துவிடுவதா?

பதில்: முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஹெட் கேஸ்கெட் பழுதோடு நன்றாகவே பொருந்துகின்றன; ஆனால் அறிகுறி வேறு, நிரூபணம் வேறு. ஹெட்டை இறக்குவது பெரிய வேலை என்பதால், பழுது அதுதான் என்று சோதனையால் உறுதிசெய்த பிறகே கைவைக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, சென்ற மாதம் என்ஜின் ஏன் சூடேறியது என்ற கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும். அந்த விடை இல்லாமல் போடப்படும் புதிய கேஸ்கெட்டும் பழையதன் வழியிலேயே போய்விடும்.

என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய தகடான ஹெட் கேஸ்கெட் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது: எரிவாயுவின் (பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வாயு) அழுத்தத்தைச் சிலிண்டருக்குள் நிறுத்துகிறது, கூலன்ட் செல்லும் வழிகளை அடைத்துக் காக்கிறது, ஆயில் செல்லும் வழியைத் தனியே பிரித்துவைக்கிறது. முழு வேகத்தில் உழைக்கும் பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேலே போகும். பக்கத்திலேயே ஓடும் கூலன்டின் அழுத்தமோ ஏறத்தாழ 1 பார்தான். ஆகவே கேஸ்கெட்டில் சிறு வழி கிடைத்தாலும், என்ஜின் ஓடும்போது எரிவாயு கூலன்டுக்குள் நுழைந்து, தொட்டியில் குமிழியிட்டு, ஹோஸ்களை விறைக்கச் செய்து, கூலன்டை மூடி வழியே வெளியே தள்ளும். என்ஜினை நிறுத்தியதும் இந்த ஓட்டம் திசைமாறும்: சிலிண்டரில் அழுத்தம் இல்லை, கூலன்டில் மட்டும் அழுத்தம் எஞ்சியிருக்கிறது, எனவே அதே வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து இரவு முழுவதும் தங்கும். காலையில் கிளப்பும்போது உதறலும் வெண்புகையும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

வயதான வண்டியில் இது அதிகம் நேர்வதற்கு உலோகங்களின் இயல்பும் ஒரு காரணம். பல என்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பாலும் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. 40 செ.மீ. நீளமுள்ள ஹெட் 80 டிகிரி சூடேறும்போது, தடையின்றி விரிய விட்டால், அதற்கும் பிளாக்குக்கும் இடையே ஏறத்தாழ 0.4 மி.மீ. வேறுபாடு உண்டாகும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்க, ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இந்த இழுபறியைக் கேஸ்கெட்தான் தாங்குகிறது. ஆண்டுக்கணக்கில் கூலன்டை மாற்றாமல் விட்டால் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் தீர்ந்துபோய், கூலன்ட் வழியின் ஓரங்கள் அரிக்கப்படும். இவ்வளவையும் தாங்கி நிற்கும் கேஸ்கெட்டை ஒரே நாளில் முடித்துவிடுவது மிகைச்சூடு. ஹெட் வளைந்தால் கேஸ்கெட்டை அழுத்தும் விசை இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

இனி, உறுதிசெய்வது. எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படலம் தெரிந்ததுமே தீர்ப்பு எழுதிவிடுவோர் பலர். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் அது வெறும் நீராவி படிந்ததாகவும் இருக்கலாம். ஆயில் அளவுகோலிலும், இறக்கிப் பார்க்கும் ஆயிலிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும், ஆயிலைக் கூலன்டால் குளிர்விக்கும் ஆயில் கூலர் உள்ள என்ஜினாக இருந்தால், குற்றவாளி அதுவாக இருக்க வாய்ப்புண்டு. குளிர்ந்த காலையில் எல்லாக் கார்களின் புகைக்குழாயிலிருந்தும் வெண்ணிற ஆவி வரும். என்ஜின் நன்றாகச் சூடான பின்னும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு நீடிக்கும் புகையே பொருட்படுத்த வேண்டியது. வெளியே தெரியாமல் கூலன்ட் குறைவதற்கு, ஓடும்போது மட்டும் சொட்டும் வாட்டர் பம்ப், காருக்குள் ஒளிந்திருக்கும் ஹீட்டர் ரேடியேட்டர், அழுத்தம் தாங்காத மூடி ஆகியவையும் காரணமாகலாம்.

ஆகவே மெக்கானிக்கிடம் எந்தச் சோதனையின் அடிப்படையில் இந்த முடிவுக்கு வந்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை நீலநிறத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை. பெட்ரோல் என்ஜினின் எரிவாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். நிறம் மாறினால் எரிவாயு கூலன்டுக்குள் வருகிறது என்பது ஏறத்தாழ உறுதி. மாறாவிட்டால் பழுது இல்லை என்று பொருளல்ல, ஏனெனில் சிறிய கசிவுகள் என்ஜின் சூடாகிப் பாரம் இழுக்கும்போது மட்டுமே திறக்கும்.

உங்கள் காரின் காலை உதறலுக்கு நான் அதிகம் நம்புவது வேறொரு சோதனையை. மாலையில் குளிரூட்டும் அமைப்பை, மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்குக் கைப்பம்பால் ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளும் தீப்பொறியும் வராதபடி துண்டித்துவிட்டு என்ஜினைச் சுழற்றினால், கசிவுள்ள சிலிண்டர் கூலன்டைத் துப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்த்தால், மற்ற பிஸ்டன்கள் கரிபடிந்து கறுத்திருக்க, ஒன்று மட்டும் ஆவியால் கழுவப்பட்டுப் பளிச்சென்று இருப்பதும் தெரியலாம். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால், அவ்விரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கலாம். ஆனால் கூலன்ட் மட்டும் கசியும் என்ஜினில் இச்சோதனை சரியான அளவையே காட்டக்கூடும்.

சோதனை முடியும் வரை ஓட்டக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆயிலில் கலக்கும் கூலன்ட் பேரிங்குகளை அரித்துவிடும். சிலிண்டரில் நிறையக் கூலன்ட் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், திரவம் அமுங்காது என்பதால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எரிந்து வெளியேறும் கூலன்ட், புகையைச் சுத்திகரிக்கப் புகைக்குழாயில் வைத்துள்ள வினையூக்கி மாற்றியையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: கூலன்ட் அளவு சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் வெப்பமானி முள் ஏறாமல் இயல்பாகவே நிற்கக்கூடும், இறங்கவும் கூடும். முள்ளை நம்பி ஓட்டி என்ஜினை இழந்தவர்கள் பலர். வழியில் சூடேறினால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

கசிவை அடைக்கும் திரவத்தைப் பொறுத்தவரை, இவற்றுள் பல சோடியம் சிலிகேட்டையோ நுண்ணிய நார்களையோ கொண்டவை. கூலன்ட் மட்டும் மெல்லக் கசியும் சிறு பிளவை இவை சில காலம் அடைத்துவைப்பதுண்டு. ஆனால் 50 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் அறுத்த வழியையும், வளைந்த ஹெட்டையும் எந்தத் திரவமும் சரிசெய்யாது. அத்தோடு கசிவை அடைக்கும் அதே பொருள், ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கும் பழைய ரேடியேட்டரையும் ஹீட்டரையும் அடைக்கும். இன்னும் சில வாரங்களில் உடைப்புக்குப் போகவிருக்கும் காரானால் முயன்று பார்க்கலாம். சரிசெய்து வைத்துக்கொள்ளும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் ஊற்ற வேண்டாம். ஊற்றிய காரை, சொல்லாமல் பிறருக்கு விற்பதும் நேர்மையன்று.

ஹெட்டை இறக்குவது என்று முடிவானால், வேலையின் தரம் கேஸ்கெட்டைவிட அதைச் சுற்றியுள்ளவற்றில்தான் இருக்கிறது. என்ஜின் முற்றிலும் ஆறிய பிறகே போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். இறுக்கும் வரிசைக்கு எதிர் வரிசையில், சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இறக்கிய ஹெட்டின் மீது நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வளைவை அளக்க வேண்டும். பல என்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே; உங்கள் என்ஜினுக்குரிய அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேசிங் செய்வதற்கு (ஹெட்டின் பரப்பைச் சீவிச் சமமாக்குவதற்கு) முன்பே அழுத்தச் சோதனையால் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விரிசல் விட்ட ஹெட்டைச் சீராக்குவது வீண் செலவு. பிளாக்கின் மேற்பரப்பையும் அதே சட்டத்தால் அளக்க வேண்டும். அவசரத்தில் அதிகம் விடுபடும் வேலை இதுதான்.

பரப்பைச் சுத்தம் செய்யும் விதத்திலும் என்ஜின் கெட்டுப்போகும். சுழலும் உராய்வுத் தட்டால் பழைய கேஸ்கெட்டைத் தேய்த்தால் அலுமினியத்தில் பள்ளம் விழும். உதிரும் உராய்வுத் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். இக்காலத்தில் பெரிதும் பயன்படும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்குக் கண்ணாடிபோல வழுவழுப்பான பரப்பு வேண்டும். பட்டறையிடம் எந்த வகைக் கேஸ்கெட் போடப்போகிறீர்கள் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். நீண்டு இறுகும் வகைப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக்கூடாது. புதியவை வாங்கி, கையேட்டில் உள்ள வரிசையிலும் டார்க்கிலும் (முறுக்குவிசை) கோணத்திலும் இறுக்க வேண்டும். போல்ட் துளைக்குள் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால், இறுக்கும்போது அத்திரவம் போக வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடும். ஹெட் கழன்றிருக்கும் நேரத்தில் தெர்மோஸ்டாட், மூடி, வயதான ஹோஸ்கள் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினானால் அதையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். ரேடியேட்டரின் ஓட்டத்தையும், மின்விசிறி உரிய வெப்பத்தில் சுழல்கிறதா என்பதையும் பார்க்காமல் வண்டியைத் திரும்ப வாங்காதீர்கள். மேட்டில் சூடேறியதற்கான காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

சரிசெய்வதா, கொடுத்துவிடுவதா என்பதை இன்றே முடிவுசெய்ய வேண்டியதில்லை. முதற்கட்டமாக ஹெட்டை இறக்கி அளந்து பார்ப்பதற்கு மட்டும் சம்மதம் கொடுங்கள். மீதியை அளவுகளைப் பார்த்த பிறகு தீர்மானிக்கலாம் என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஹெட் விரிசலின்றி, வளைவும் வரம்புக்குள் அல்லது சீராக்கக்கூடிய அளவில் இருந்து, சூடேறியபோது நீங்கள் உடனே நிறுத்தியிருந்து, ஆயிலில் கூலன்ட் கலக்காமலும் இருந்தால், நல்ல உடலும் நல்ல கியர்பாக்ஸும் உள்ள காருக்கு இச்செலவு தகும் என்பதே என் கருத்து. ஆயில் பால்போல் ஆன பிறகும் பல நாள் ஓட்டியிருந்தால், கேஸ்கெட்டை மாற்றினாலும் பேரிங்குகள் பின்னால் கைவிடும்; அப்போது நம்பகமான வேறொரு என்ஜினின் விலையையும் விசாரித்து ஒப்பிட வேண்டும். அடிப்பகுதி துருப்பிடித்து, கியர்பாக்ஸும் தகராறு செய்யும் வண்டியானால், உள்ளதைச் சொல்லிக் கொடுத்துவிடுவதே நல்லது.

வேலை முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால் சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் மாற்றுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிடும் கூலன்டை மட்டும் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். காற்றுக்குமிழி தங்கினால் புதிய கேஸ்கெட்டுக்கு அருகிலேயே ஹெட் சூடேறும். முதல் இரண்டு வாரங்களுக்குத் தினமும் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவைத் தொட்டியில் குறித்து வாருங்கள். காற்று வெளியேறுவதால் முதல் சில நாட்களில் சற்றே இறங்கலாம். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால், வண்டியை நிறுத்திவிட்டு அழுத்தச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.