ஐம்பதுக்குப் பிறகு சைக்கிள் பந்தயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடுவயதைத் தாண்டிய பிறகு முதன்முறையாகச் சைக்கிள் பந்தயத்தில் இறங்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானோர் உடல் வலிமையைப் பற்றியே கேட்டிருந்தார்கள். ஆனால் வயதான பிறகு தொடங்குபவரிடம் பெரிய குறையாக இருப்பது வலிமை அன்று, கூட்டத்துக்குள் ஓட்டும் பழக்கமே என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அந்தக் கேள்விக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு 53 வயது. சில ஆண்டுகளாகத் தவறாமல் சைக்கிள் ஓட்டி வருகிறேன். பந்தயத்தில் கலந்துகொண்டதே இல்லை. இந்த வயதில் தொடங்குவதால் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, உட்கார்ந்தே வாழ்பவர்களிடம் முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. விடாமல் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களிடம் இந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பயிற்சிக்கு இசைந்து கொடுக்கும் தன்மை எந்த வயதிலும் உடலை விட்டு முற்றாகப் போய்விடுவதில்லை. பிரெஞ்சுக்காரரான ராபர்ட் மார்ஷான் 2012-இல், தம் நூறாவது வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். ஈராண்டுகள் கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். அவரை ஆராய்ந்த உடலியல் அறிஞர் வெரோனிக் பில்யா, 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையே அவருடைய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 மில்லிலிட்டராக உயர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இலேசான ஓட்டமாகவே இருந்தது. மீதி ஒரு பங்குதான் கடினமானது.

நீங்கள் இருபது வயது இளைஞர்களோடு மோத வேண்டியதும் இல்லை. உலக சைக்கிள் கூட்டமைப்பான யூ.சி.ஐ. 30 வயதுக்கு மேற்பட்டோரை மாஸ்டர்ஸ் என்ற பிரிவில் வைக்கிறது. அதற்குள்ளும் பல போட்டிகளில் ஐந்தைந்து ஆண்டுகளாக வயதுப் பிரிவுகள் அமைகின்றன. கூட்டமைப்பின் கணக்கில் உங்கள் வயது என்பது, போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து நீங்கள் பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவது. ஆகவே டிசம்பரில் பிறந்தவர் ஜனவரியிலேயே ஒரு வயது கூடியவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் விண்ணப்பத்தில் பலர் தவறவிடும் இடம் இது.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பந்தயத்துக்கு முன் என்னென்ன பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டும்?

மருத்துவரிடம் சென்று, பொதுவான உடற்பயிற்சி என்று சொல்லாமல், இதயம் அதன் உச்ச வேகத்தை எட்டும் அளவுக்குப் போட்டியிடப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் வெறும் இ.சி.ஜி.யோடு நிறுத்திக்கொள்வதா, உழைக்கும் நிலையில் இதயத்தைச் சோதிக்கும் டிரெட்மில் அல்லது சைக்கிள் பரிசோதனையும் செய்வதா என்று சரியாகத் தீர்மானிக்க முடியும். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டிக்கொண்டு வருதல், காரணமில்லாத மூச்சுத் திணறல், ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவர் என்பதற்காக யாருக்கும் இதில் விலக்கு கிடையாது; பல்லாண்டுகள் நெடுந்தூர விளையாட்டில் ஈடுபட்டவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு சற்று அதிகமாகவே காணப்படுகிறது.

உங்கள் கேள்வியில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற, சிறுநீரை மிகுவிக்கும் மருந்து கலந்திருக்கும். இவ்வகை மருந்துகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில், போட்டிக் காலம் மற்ற காலம் என்ற வேறுபாடின்றி, எப்போதும் தடை செய்யப்பட்டவை. இன்சுலினும் டெஸ்டோஸ்டிரோனும் அப்படியே. டிராமடால் என்னும் வலி மருந்து 2024 தொடக்கத்திலிருந்து போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. மாஸ்டர்ஸ் பந்தயங்களிலும் சோதனை நடக்கக்கூடும். ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவர், தினமும் காலையில் விழுங்கும் மாத்திரையால் சிக்கிக்கொள்ளக் கூடாது. வழி இரண்டு: அதே பயனைத் தரும், தடையில்லாத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், முடியாதென்றால், மருத்துவக் காரணத்துக்கான விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் இன்னொரு வகை மருந்தான பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்குச் சைக்கிள் விளையாட்டில் தடை இல்லை. ஆனால் அது இதயத் துடிப்பின் உச்சத்தைக் கீழே இறக்கிவிடுவதால், துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளப்பது அவர்களுக்குப் பொருந்தாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கூட்டமாக ஓட்டும் பந்தயத்தில் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவரோடு வெளிப்படையாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

எந்த வகைப் பந்தயத்தில் தொடங்குவது நல்லது?

டைம் டிரையல் என்பதே என் பதில். குறித்த இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் போட்டி அது. பக்கத்தில் சக்கரங்கள் இல்லை. அடுத்தவர் தவறால் விழும் வாய்ப்பும் குறைவு. வயது கூடும்போது திடீர் வேகத்துக்கான தசை நார்கள்தாம் முதலில் தேய்கின்றன. ஒரே சீராக நெடுநேரம் உழைக்கும் திறன் அதைவிட நெடுங்காலம் நிற்கிறது. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்டிராங் தம் மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தை 2016-இல் ரியோவில், 43-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வென்றதும் டைம் டிரையலில்தான். மலையேற்றப் போட்டியும் தொடங்குபவருக்கு ஏற்றதே, ஏனெனில் வேகம் குறைவாக இருக்கும். சிறிய வட்டப் பாதையைப் பல முறை சுற்றும் கிரைட்டீரியத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தோடு ஓட்டுவது என்றாலே பயமாக இருக்கிறது. தவிர்த்துவிடலாமா? 57 வயதில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

கற்றுக்கொள்ள முடியும், சாலைப் பந்தயம் ஓட்டுவதானால் கற்றே ஆக வேண்டும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய மும்மடியாகவும் ஏறுகின்றன. முன்செல்பவரின் சக்கரத்தை ஒட்டிச் சென்றால் உழைப்பில் கால் பங்குக்கும் மேல் மிச்சமாகும். 121 பேர் கொண்ட ஒரு பெருங்கூட்டத்தை மாதிரியாக வைத்து 2018-இல் வெளியான காற்றியக்க ஆய்வில், நடுவிலும் பின்பகுதியிலும் நன்கு மறைந்து செல்பவருக்குத் தனியே ஓட்டுபவரின் தடையில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே இருந்தது. ஆகவே, பந்தயத்தில் பின்தங்கிப் போகிறவர் எப்போதும் வலிமையில் குறைந்தவர் அல்லர். பயத்தால் இரண்டு சக்கர நீளம் இடைவெளி விட்டு, மற்றவர்களைவிடக் கூடுதலாக உழைத்துக் களைத்தவராகவே பெரும்பாலும் இருக்கிறார்.

முதல் விதி, உங்கள் முன்சக்கரத்தை அடுத்தவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைய விடாதிருப்பது. இரண்டும் உரசினால் முன்னால் இருப்பவர் அநேகமாகத் தப்பிவிடுவார். பின்னால் இருப்பவர்தான் விழுவார். இரண்டாவது, பார்வை. முன்னால் இருப்பவரின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சிறு அசைவுக்கும் பிரேக்கைப் பிடிப்பீர்கள். அவர் தோளுக்கு மேலாக, மூன்று நான்கு பேருக்கு அப்பால் நடப்பதைப் பாருங்கள். சக்கரம் ஓரப்பார்வையில் தானாகத் தெரியும். இங்கே வயதானவர்களுக்கென ஒரு சிக்கல் இருக்கிறது. தொலைவுக்கும் வாசிப்புக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடியை அணிந்தால், கீழ்ப்பகுதி வில்லை சாலையையும் முன்சக்கரத்தையும் மங்கலாக்கிவிடும். பந்தயத்துக்கென்று தொலைப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். கழுத்து இறுகியிருப்பவர்கள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது அறியாமலே ஹேண்டில்பாரையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள். சாலையின் ஓரக் கோட்டின் மேல் நேராக ஓட்டியபடியே பின்னால் பார்க்கப் பழகுங்கள்.

மூன்றாவது, ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழும் கணம். எழும்போது மிதிப்பதில் ஒரு நொடி தொய்வு விழுவதால், உங்கள் வண்டி பின்னால் வருபவரை நோக்கி ஒரு சாண் பின்வாங்கியது போலாகிவிடும். ஒரு மிதியை அழுத்தமாக மிதித்துக்கொண்டே எழுந்தால் இது நேராது. திருப்பங்களில், திரும்பத் தொடங்கும் முன்பே பிரேக் போட்டு முடித்துவிடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், உடல் எடை அதன்மேல் நிற்கட்டும், கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்திருக்கட்டும். உள்ளே எந்தக் கோட்டில் நுழைந்தீர்களோ அதே கோட்டில் வெளியே வாருங்கள். நடுவில் பாதையை மாற்றுபவர்தான் அடுத்தவரை வீழ்த்துகிறார்.

தோளோடு தோள் இடிபடுவதற்கான பயத்தைப் போக்க, நண்பர் ஒருவருடன் புல்தரையில் நடை வேகத்தில் ஓட்டியபடி ஒருவரையொருவர் முழங்கையாலும் தோளாலும் மெல்லத் தள்ளிப் பழகுங்கள். சிறுபிள்ளை விளையாட்டைப் போலத் தோன்றும். ஆனால் சில வாரங்களில், இடித்தாலும் வண்டி நிலைகுலையாது என்பதை உடல் தெரிந்துகொள்ளும். அதன் பிறகு நான்கு பேர், பிறகு எட்டுப் பேர் என்று குழுவைக் கூட்டிக்கொண்டே போங்கள். பந்தயத்தில் முன்பகுதியில் இருக்க முயலுங்கள். வால்பகுதியில் இருப்பதே பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் உள்ளவர்கள் சற்றே வேகம் தணிய, அது பின்னுக்குப் போகப் போகப் பெருகி, கடைசி ஆள் ஏறக்குறைய நின்றுவிட்டு மீண்டும் பாய்ந்து பிடிக்க வேண்டியிருக்கும். சுற்றுக்குச் சுற்று அப்படிப் பாய்வதற்கான ஆற்றல் ஐம்பதைக் கடந்த கால்களில் தங்காது. முன்னால் விழுபவர்களும் வால்பகுதியில் இருப்பவரின் வழியிலேயே கிடப்பார்கள்.

வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி செய்ய வேண்டும்? ஆறு நாளும் கடுமையாக ஓட்டியும் வேகம் கூடவில்லை.

கடினமான நாட்கள் அதிகமாகிவிட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். வயதோடு குறைவது உழைக்கும் திறனைவிட, உழைப்பிலிருந்து மீளும் வேகம். வாரத்தில் இரண்டு கடின நாட்கள் போதும். அவற்றுக்கிடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் இலேசாகவும் ஓட்டி, அதை நான்கு முறை திருப்பிச் செய்வது காலத்தால் சோதிக்கப்பட்ட முறை. மற்ற நாட்களில் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்டும் அளவுக்கு மெதுவாகச் செல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வண்டியைத் தொடாதீர்கள்.

நிமிடத்துக்கான உச்ச இதயத் துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை நம்பிப் பயிற்சியை வகுக்காதீர்கள். 56 வயதினருக்கு அது 164 துடிப்பு என்று சொல்லும். பின்னாளில் வந்த, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரம் ஏறத்தாழ 169 என்று சொல்லும். உங்களுடைய உண்மையான உச்சம் இரண்டிலிருந்தும் பத்துத் துடிப்பு விலகியிருக்கலாம். கடினமான நாளுக்குப் பின் வரும் உணவில் புரதம் போதிய அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே அளவு புரதத்துக்கு முதிய தசை இளைய தசையைவிடக் குறைவாகவே வளர்ந்து கொடுக்கிறது.

நான் 58 வயதுப் பெண். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. பந்தயத்தில் விழுந்தால் எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்ததும் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. சைக்கிள் ஓட்டும்போதோ உடல் எடையை வண்டியே தாங்கிக்கொள்வதால், எலும்பை வலுப்படுத்தும் தூண்டல் அதில் மிகக் குறைவு. பல ஆண்டுகள் சைக்கிளை மட்டுமே ஓட்டிய ஆண்களிடமும் முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. பந்தயப் பருவம் தொடங்கும் முன், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எலும்புப்புரை என்று வந்தால், கூட்டப் பந்தயங்களை விட்டுவிட்டு டைம் டிரையலிலும் மலையேற்றத்திலும் நில்லுங்கள் என்பேன். அடர்த்தி நன்றாக இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி கட்டாயம் வேண்டும். எடையோடு உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து பாரத்தைத் தூக்குவது, ஒற்றைக் காலில் படியேறுவது ஆகிய மூன்றையும், தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பாரம் கூட்டிச் செய்யுங்கள். இவை மிதிக்கும் வலிமையையும் கூட்டும்.

புதிய வண்டி வாங்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். பிரேக்கும் செயினும் டயரும் ஒழுங்காக இருந்தால் கையிலுள்ள சாலை சைக்கிளே போதும். உங்கள் உடலின் அளவுக்கு இருக்கையையும் ஹேண்டில்பாரையும் பொருத்தித் தரும் நல்ல வல்லுநரிடம் முதலில் செல்லுங்கள். விறைத்த முதுகோடு ஓட்டுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. முழங்கைகளை ஊன்றி ஓட்டும் டைம் டிரையல் ஹேண்டில்பாரைக் கூட்டப் பந்தயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அதற்கு அனுமதி கிடையாது.

முதல் பந்தயத்தில் பத்தாவது நிமிடத்திலேயே கூட்டம் என்னை விட்டுப் போய்விட்டது. எங்கே தவறியிருப்பேன்?

பத்தாவது நிமிடம் என்கிறீர்கள்; உடலைச் சூடேற்றாமல் நின்றிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். பந்தயத்தின் முதல் சில நிமிடங்கள் பெரும்பாலும் மிக வேகமானவை. முதிய உடல் உழைப்புக்கு இசைய இளைஞரைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. புறப்பாட்டுக்கு முன் 25 அல்லது 30 நிமிடம் இலேசாகத் தொடங்கி, வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, கடைசியில் ஒரு நிமிட அளவில் மூன்று முறை மூச்சிரைக்க ஓட்டுங்கள். அதற்குப் பின் கோட்டில் நிற்கும் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிரிந்துபோனாலும், நடுவர் நிறுத்தச் சொல்லாத வரை ஓட்டத்தை விடாதீர்கள். உங்களைப் போலவே பின்தங்கிய இரண்டு மூன்று பேர் வழியில் கிடைப்பார்கள், அவர்களோடு முறை வைத்து முன்னால் வந்து ஓட்டுவது, முன்பு சொன்ன கூட்டப் பழக்கத்தைப் பெறுவதற்கு மிக நல்ல பயிற்சி.