வலி மாத்திரை: வலிக்கும்போதா, நேரத்துக்கா?

நேரத்துக்குக் கொடுங்கள். வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

வயிற்றைத் திறந்து கருப்பை எடுத்து நான்காம் நாள், செம்பூர் வீட்டில் அம்மா "தாங்க முடிகிறவரை மாத்திரை வேண்டாம்" என்கிறார், ராத்திரியில் துடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். துடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அந்த இடைவெளிதான். ஏறிவிட்ட வலியை இறக்குவது கஷ்டம். சீட்டில் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றிருந்தால், அலாரம் வைத்துக் கொடுங்கள். ஒரு வேளை படுக்கும் முன் வரட்டும்.

ஒன்று செய்து பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போது "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். நம் அம்மாக்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். தலையணையைத் தையல்மேல் இரு கையாலும் அணைத்துப் பிடித்து இருமச் சொல்லுங்கள். அப்போது பத்துக்கு எத்தனை வலி என்று கேளுங்கள். இரும முடியாத அளவு என்றால் மருந்து போதவில்லை, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை ஆழமாக இழுக்காமல் கிடந்தால் சளி தங்கி நிமோனியா வரை போகலாம். எனக்கு அதுதான் பெரிய கவலை. மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து வீட்டுக்குள்ளேயே நடக்க வையுங்கள்.

அப்புறம், டோலோ, குரோசின், காம்பிஃப்ளாம் மூன்றிலும் பாராசிட்டமால் உண்டு. எல்லாம் சேர்த்து 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. எடை குறைவு, கல்லீரல் கோளாறு இருந்தால் அளவு இன்னும் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் காம்பிஃப்ளாமே வேண்டாம்.

காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல்: இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.