கரித்தூளும் குண்டிக்காயும்

வணக்கம் சார்,

மாக்ஸ் பிரோடல் என்ற மருத்துவ ஓவியரைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதியிருந்தீர்கள். நான் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வீட்டில் நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள் வரைகிறேன். பள்ளியில் என்னிடம் வருவதெல்லாம் அறிவியல் டீச்சரின் சார்ட் வேலைதான். "புக்குல இருக்குற இதயத்தை அப்படியே பெரிசா போட்டுக் குடுங்க சார்" என்பார். சிவப்பு, நீலம், அம்புக்குறி எல்லாம் போட்டுக் கொடுப்பேன். அது கலையா, எடுபிடி வேலையா என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "செல்போன்ல போட்டோ எடுத்தா போதாதா சார், எதுக்கு வரையணும்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. பிரோடல் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு வாக்குமூலம். பிளஸ் டூ விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் ஒரு படத்தைக்கூட நான் பார்த்து வரையவில்லை. சீனியர் அண்ணன் ஒருவரின் ரெக்கார்டை இரவல் வாங்கி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கண்ணாடியை வைத்து, அடியில் லைட்டை எரியவிட்டு டிரேஸ் எடுத்தேன். கழிவுநீக்க மண்டலப் படத்தில் மட்டும் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வலது சிறுநீரகத்துக்கு மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால் அது இடதைவிடச் சற்று இறங்கியிருக்கும். என் நோட்டில் இடது இறங்கியிருந்தது. சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தது, மார்க்கும் விழுந்தது. அடுத்த வருடம் அந்த நோட்டை இரவல் வாங்கிப்போனவனுக்கும் இடதுதான் இறங்கியிருக்கும்.

முப்பது வருடம் கழித்து அந்த வலது சிறுநீரகத்திலேயே எனக்குக் கல் வந்தது. டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு மொச்சைக்கொட்டையை வரைந்தார். வெளிவிளிம்புக்குக் கொஞ்சம் பின்னால் புள்ளிபுள்ளியாக ஒரு கோடு இழுத்தார். "முதுகுப் பக்கமா இந்த வழியா போவோம். இங்க பெரிய ரத்தக்குழாய் கிடையாது." யார் கண்டுபிடித்த வழி என்று சும்மா கேட்டுவைத்தேன். "பிரோடல் லைன்னு சொல்வோம்" என்றார். பிரோடல் ஓர் ஓவிய வாத்தியார் என்பது பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிரோடல் 1870இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். அங்கே ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டே, உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்துக்குப் படம் போட்டுக் கொடுத்தார். அந்தத் தொடர்பில் 1894இல் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி என்ற மகளிர் நோய் அறுவை நிபுணரின் நூலுக்குப் படம் வரைவதுதான் வேலை. உங்கள் சார்ட் வேலையின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் புத்தகத்தைப் பார்த்து வரையவில்லை. தனக்குப் புரியாத ஒன்றை வரைய மறுக்கிற பிடிவாதம் அவருக்கு இருந்தது. சிறுநீரகத்தை வெட்டித் திறந்தால் ரத்தம் கொட்டும் என்பது அன்றைய சர்ஜன்களின் தலைவலி. மருத்துவமே படிக்காத இந்த மனிதர் இறந்தவர்களின் சிறுநீரகங்களை வாங்கி, ரத்தக்குழாய்களில் நிறப்பொருளை ஏற்றி, கிளை கிளையாகப் பின்தொடர்ந்தார். முன்வீட்டு மரமும் பின்வீட்டு மரமும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாமல் வளர்ந்தால் எப்படியோ, அப்படித்தான் முன்பக்கக் குழாய்களும் பின்பக்கக் குழாய்களும் தங்கள் எல்லைக்குள் நின்றன. எல்லை சரிநடுவில் இல்லை, சற்றுப் பின்னால் இருந்தது. 1901இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் இதழில் இதைக் கட்டுரையாக எழுதினார். படம் வரையப் போனவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை! அந்த எல்லைதான் என் ஸ்கேன் கவரில் புள்ளிபுள்ளியாக வந்து விழுந்தது.

இனி கரித்தூள். உயிருள்ள உடம்பின் உள்ளே எல்லாம் ஈரமாக மினுங்கும். பென்சிலில் அந்த ஈரம் வராது, இங்க் கோட்டிலும் வராது. பிரோடல் கார்பன் பென்சிலைத் தூளாக்கினார். வெள்ளைப் பூச்சுள்ள அட்டையில் அந்தத் தூளைக் காய்ந்த பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு ஏற்றினார். சாம்பல் நிறம் புகை மாதிரி படிந்து வரும். கடைசியில் கத்தி முனையால் ஒரு சுரண்டல். கரி போய் அடியிலுள்ள வெள்ளை தெரியும் இடத்தில் ஈரம் பளிச்சென்று நிற்கும். வெள்ளை பெயிண்டே வேண்டாம். அச்சிலும் அந்த நயம் கெடாமல் வந்தது.

உங்கள் பையனுக்குச் சொல்லுங்கள்: பிரோடல் காலத்திலும் கேமரா இருந்தது. அறுவை நடக்கும் வயிற்றைப் படம் எடுத்தால் ரத்தம், பஞ்சு, இடுக்கி, நாலு பேர் கை எல்லாம் சமமாக விழும். எது முக்கியம் என்று கேமராவுக்குத் தெரியாது. பிரோடல் சதையைப் பாதி வெட்டித் திறந்த மாதிரி வரைந்து, ஊசி உள்ளே எந்த ஆழத்தில் நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று காட்டினார். உடம்பின் அந்தக் கோணம் யார் கண்ணுக்கும் நேராகத் தெரியாது. பல உடல்களில் பார்த்ததை ஒரே தாளில் சேர்க்க வேண்டியிருந்தது.

1911இல் நண்பர் டாக்டர் தாமஸ் கல்லனின் முயற்சியாலும் ஹென்றி வால்ட்டர்ஸ் என்ற செல்வந்தரின் பணத்தாலும் ஹாப்கின்ஸில் மருத்துவ ஓவியத்துக்கென்றே ஒரு துறை தொடங்கியது. உலகில் அதுதான் முதல். ஏறக்குறைய முப்பது வருடம் பிரோடல் அதை நடத்தினார். மாணவர்கள் உடலை அறுத்துப் பார்த்துப் படிக்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும். கரித்தூள் பழக்கம் கூடவே வரும். அவரிடம் படித்த டார்கஸ் பாட்ஜெட் என்ற பெண், மூளை அறுவை நிபுணர் வால்ட்டர் டான்டிக்குப் படம் வரையப் போனார். வரைய வரைய மூளையின் ரத்தக்குழாய்கள் மேல் சந்தேகங்கள் வந்தன. கருவில் அவை உருவாகும் விதத்தைப் பற்றி அவர் 1948இல் வெளியிட்ட ஆய்வை நரம்பியல்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவரிடமும் டாக்டர் பட்டம் கிடையாது. வாத்தியாரின் வியாதி தொற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

கலையா, எடுபிடியா என்று கேட்டீர்கள். பிரோடல் இதைக் கேட்டுக்கொண்டாரா என்றே சந்தேகம். சனிக்கிழமை இரவுகளில் பத்திரிகையாளர் மென்கன் போன்ற நண்பர்களோடு பியானோ வாசித்தார், மற்ற நாட்களில் கரித்தூள். உங்கள் நிலக்காட்சிகளை நான் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். சார்ட் விஷயத்தில் மட்டும் ஒன்று தோன்றுகிறது. புத்தகத்து இதயம் இன்னொரு புத்தகத்து இதயத்தின் நகலாக இருக்கலாம், அது என் ரெக்கார்டு நோட்டு மாதிரி திரும்பிக்கூட இருக்கலாம்.

அடுத்த முறை டீச்சர் சிறுநீரகம் கேட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கறிக்கடை பாயிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் இரண்டு ஆட்டுக் குண்டிக்காயைக் கொழுப்போடு எடுத்து வைப்பார். டீச்சரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள், பெயர்கள் அவருக்குத் தெரியும். மேலே வெங்காயத்தோல் மாதிரி ஒரு சவ்வு இருக்கும், அதைப் பிள்ளைகளையே உரிக்கச் சொல்லுங்கள். வெளிவிளிம்பில் நீளவாக்கில் பிளந்து, ஈரம் காய்வதற்குள் வரையட்டும். போட்டோ கேட்ட பையன் முதலில் போட்டோவும் எடுத்துக்கொள்ளட்டும், வரைந்து முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கத்தியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.