ஒன்றரை லிட்டர் இனிப்பு ஒயின்: என்ன செய்யலாம்?

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார், எங்கள் 25-வது கல்யாண நாளுக்கு பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய ஒயின் பாட்டில் வாங்கி வந்தார். சோத்தேர்ன் வகையாம், ஒன்றரை லிட்டர், நம் காசுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் என்கிறார். ஃப்ரிட்ஜ் கதவில் நுழையாததால் இரண்டு வருஷமாக பீரோ மேலேயே கிடக்கிறது. இனிப்பு என்பதால் என் வீட்டுக்காரர் தொட மாட்டார், நான் கிறிஸ்துமஸுக்கு அரை டம்ளர் குடிக்கிற ஆள். கேக்குக்கு திராட்சை ஊறப்போடச் சொல்கிறார் மாமியார். கோயிலுக்குப் பூசைக்குக் கொடுக்கலாமா? யாருக்காவது விற்றுவிடலாமா? நிறம் வேறு முன்னைவிடக் கறுத்துத் தெரிகிறது. கெட்டுவிட்டதா?

- வாசகி, ராயபுரம்

பதில்: முதல் வேலையாக அந்த பாட்டிலை பீரோ மேலிருந்து இறக்குங்கள் அம்மா. வீட்டிலேயே சூடான இடம் அதுதான், அதுவும் மேலே தளமோ ஷீட்டோ நேராக வெயில் வாங்குகிற வீடாக இருந்தால் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஒயினுக்குப் பிடித்தது 12, 14 டிகிரி. சூட்டில் அது விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். கழுத்தைச் சுற்றியிருக்கும் தகட்டுத்தாளைத் தடவிப் பாருங்கள். நடுவில் மேடு தட்டினாலோ, ஓரத்தில் பாகு மாதிரி பிசுபிசுத்தாலோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம், இந்த வாரமே திறந்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நிறத்துக்கு பயப்படாதீர்கள், இந்த ஒயின் இளசில் வெளிர் மஞ்சள், வயதாக ஆக தேன் நிறம், அப்புறம் கட்டன் சாயா நிறத்துக்கே போய்விடும். உங்கள் வீட்டுச் சூட்டில் கொஞ்சம் அவசரமாகக் கிழடு தட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

விற்கிற பேச்சு வேண்டவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் ஒரு பாட்டில் விற்றாலும் நம் மாநிலத்தில் குற்றம்தான். கோயிலுக்குக் கொடுப்பது நல்ல மனசு. கலப்படமில்லாத திராட்சை ஒயின், கெட்டுப்போகாதது என்பதுதான் பூசை ஒயினுக்கு விதி, அந்த வகையில் இது தேறும். ஆனால் பூசைக்கு ஆகிற அளவு கொஞ்சம்தான், திறந்த பாட்டில் பாதி தீர்வதற்குள் சுவை போய்விடும். அதற்கு பதிலாக ஃபாதரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

மாமியார் யோசனையைத்தான் நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். திராட்சை ஊற ரம் போதும், சொல்லப்போனால் ரம்தான் நன்றாகவே இருக்கும். இந்த ஒயினின் கதை வேறு. பிரான்ஸில் போர்தோ நகருக்குத் தெற்கே சிரோன் என்ற சின்ன ஆற்றின் குளிர்ந்த தண்ணீர், வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் சேருகிற இடத்தில், இலையுதிர் காலத்துக் காலை நேரங்களில் பனிமூட்டம் போடும். அந்த ஈரத்தில் பழத்தின் மேல் பொட்ரைட்டிஸ் என்று ஒரு பூஞ்சை பிடிக்கும், மதியம் வெயில் வந்து காயவைக்கும். தோல் பூஞ்சையால் மெலிந்துபோவதால் பழத்திலிருக்கிற தண்ணீர் ஆவியாகி, சாம்பல் பூத்து சுருங்கிய பழத்தில் சர்க்கரையும் புளிப்பும் மட்டும் திரண்டு நிற்கும். எல்லாப் பழமும் ஒன்றாக அழுகாது, அதனால் ஒரே தோட்டத்துக்கு நாலைந்து தடவை போய் பொறுக்கிப் பொறுக்கிப் பறிக்கிறார்கள். அங்கே 1855-ல் போர்தோ ஒயின்களுக்குப் போட்ட தரப்பட்டியலில் தனி இடம் வாங்கிய ஷாத்தோ டிக்கெம் என்ற தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் கிடைக்கும் என்பார்கள். இருபதாயிரம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா? அதைக் கொண்டுபோய் மைதா மாவில் ஊற்றச் சொல்கிறார் உங்கள் மாமியார்.

சரி, குடிப்பது எப்படி? இது டம்ளர் கணக்கில் குடிக்கிற சரக்கே இல்லை, ஆளுக்கு 60 மில்லி போதும். 1,500-ஐ 60-ஆல் வகுத்தால் 25 பேர். இத்தனை பெரிய பாட்டில் கூட்டத்துக்கென்றே செய்தது, இதைச் சேர்த்துவைத்து இரண்டு பேர் குடித்துத் தீர்க்க நினைப்பதுதான் தப்பு. அடுத்த கல்யாண நாளோ கிறிஸ்துமஸோ எது முந்துகிறதோ அன்றைக்கு சொந்தபந்தம், மாடிவீட்டுக்காரர், கொழுந்தனார் கரையில் இருந்தால் அவர், எல்லோரையும் கூப்பிடுங்கள். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் இருந்தால் அடியில் தங்கும். ஒரு பெரிய குண்டானில் ஐஸும் தண்ணீரும் கலந்து முக்கால் மணி நேரம் நிறுத்தினால் பதமாகக் குளிரும். காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது, ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீன் பெட்டியில் போட்டதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

தொட்டுக்கொள்ள ஜாங்கிரி, மைசூர்பாகு பக்கம் போகவேண்டாம். ஒயினைவிட இனிப்பான பண்டத்தைச் சாப்பிட்டால் ஒயின் வெறும் புளிப்பாக நிற்கும், நான் ஒரு தீபாவளிக்கு இப்படிச் செய்து, இருந்த ஒரே பாட்டிலையும் எலுமிச்சை ஜூஸாக்கிய ஆள். உப்பும் லேசான காரமும்தான் ஜோடி. உப்புப் போட்டு வறுத்த முந்திரி, மிளகாய்த்தூளைக் குறைத்து நெய்யில் பிரட்டிய இறால், நண்டு. பிரான்ஸில் காரநெடி வீசும் நீலப்பூஞ்சை சீஸோடு சாப்பிடுவார்கள், நம் வீட்டில் அந்த வாசனைக்கே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

மீந்தால்? நன்றாகக் கழுவிக் காயவைத்த குவார்ட்டர் பாட்டில்களில் கழுத்து வரை, காற்றுக்கு இடம் விடாமல் ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சர்க்கரை இருப்பதால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். ஒயின் ருசித்த பிறகு ஒரு குவார்ட்டர் உங்கள் வீட்டுக்காரருக்கென்று ஒதுக்கவேண்டி வந்தாலும் வரும்.

கேள்வி: பன்னீர் திராட்சையில் சர்க்கரை, ஈஸ்ட் போட்டு நாங்கள் வீட்டில் செய்கிற கிறிஸ்துமஸ் ஒயினும் இதே இனம்தானா?

- வாசகர், பெரம்பூர்

பதில்: இனிப்பில் ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். அவர்களுக்கு சர்க்கரை பழத்துக்குள்ளேயே சுண்டி வருகிறது, நீங்கள் கடையில் வாங்கிக் கொட்டுகிறீர்கள். ஜாடியிலிருந்து வடிகட்டிய உடனே பாட்டில் மூடியை இறுக்கிவிடாதீர்கள், உள்ளே நொதித்தல் நின்றிருக்காது, ராத்திரி சமையலறையில் வெடிச்சத்தம் கேட்கும்.